டென்னிஸ் பந்திலிருந்து லெதர் பந்துக்கு

காவேரிப்பட்டணத்திலிருந்து பாலக்கோடு செல்லும் பக்கத்தில், கோடையில் வற்றிவிடும் ஏரி ஒன்றை ஒட்டிய திடலில், சனி ஞாயிறு காலைகளில் பத்துப் பதினைந்து பையன்களுக்கு நான் கிரிக்கெட் பழக்கி வருகிறேன். அவர்கள் அனைவரும் டென்னிஸ் பந்தில் வளர்ந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை டோர்னமென்ட்களில் கோப்பை வாங்கியவர்களும் உண்டு. அவர்களிடம் நான் முதலில் சொல்வது, லெதர் பந்து ஆட்டத்துக்கு வரும்போது கண்ணும் கையும் துணைக்கு வரும், ஆனால் காலும் தலையும் புதிதாகப் பழக வேண்டும் என்பதே.

இதை நான் அனுபவத்தில் கற்றேன். என்னுடைய பத்தொன்பதாவது வயதில் எங்கள் அணி தர்மபுரியில் முதன்முதலாக லெதர் பந்து ஆட்டம் ஒன்றில் இறங்கியது. அந்த ஆண்டு டென்னிஸ் பந்தில் நாங்கள் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்றிருக்கவில்லை. அன்று 41 ரன்னுக்குச் சுருண்டோம். பத்து விக்கெட்டில் ஏழு போல்டு அல்லது எல்.பி.டபிள்யூ (ஸ்டம்பை நோக்கி வந்த பந்து காலில் பட்டு அவுட்). எதிரணியில் அசாதாரணமான பந்துவீச்சாளர் எவரும் இல்லை. நேராக, அளவாகப் போட்டார்கள், நாங்கள் குறுக்கே மட்டையை வீசினோம். அவ்வளவுதான் நடந்தது.

காரணம் பந்திலேயே இருக்கிறது. டென்னிஸ் பந்தின் எடை 56 முதல் 59 கிராம் வரை. லெதர் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை, அதாவது ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு. இலேசான டென்னிஸ் பந்து காற்றில் சீக்கிரம் வேகம் இழந்து, தரையில் பட்டதும் உயரமாக எழும்பி, அடிப்பவருக்காகக் காத்திருப்பதுபோல் மெதுவாக வருகிறது. ஆகவே பின்காலில் உட்கார்ந்து, முன்காலை லெக் பக்கம், அதாவது அடிப்பவரின் கால் பக்கம், விலக்கிக்கொண்டு, உயரத்தில் வரும் பந்தை லெக் சைடில் தூக்கி அடிப்பது அங்கே சரியான ஆட்டமாகிவிடுகிறது. லெதர் பந்தோ தரையில் பட்டபின் வேகத்தை அந்த அளவு இழப்பதில்லை. தையல் இருப்பதால் காற்றில் விலகும், தரையில் பட்டும் திரும்பும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒருவர் வீசினால்கூட நம் கையில் இருப்பது முக்கால் வினாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் விலகிய காலைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இந்தப் பழக்கத்தை மாற்ற நான் மிகவும் நம்புவது செலவே இல்லாத ஒரு பயிற்சியை. பழைய காலுறையில் பந்தைப் போட்டு முடிந்து, கயிற்றில் கட்டி, முழங்கால் உயரத்துக்குச் சற்று மேலே இருக்குமாறு புளியமரக் கிளையில் தொங்கவிடுங்கள். (மாந்தோப்பில் கட்டுவதாக இருந்தால் காய்ப்புக் காலத்தில் வேண்டாம், தோப்புக்காரர்களின் வருத்தம் நியாயமானது.) நேர் மட்டையில் அடித்தால் பந்து நேராகப் போய் நேராகவே திரும்பும். மட்டை குறுக்கே வந்தால் பந்து வட்டமிடத் தொடங்கிவிடும். பயிற்சியாளர் அருகில் இல்லாதபோதும் பந்தே தவற்றைக் காட்டிக்கொடுத்துவிடுவதுதான் இதில் எனக்குப் பிடித்த அம்சம். முதலில் மேல் கையால் மட்டும் இருபது அடி, பிறகு இரண்டு கைகளாலும் ஐம்பது அடி. வலக்கை ஆட்டக்காரருக்கு மேல் கை இடக்கை. டென்னிஸ் பந்து ஆடியவர்களுக்கு அந்தக் கை பெரும்பாலும் மட்டையைத் தாங்கிக்கொண்டிருக்க மட்டுமே பழகியிருக்கும், ஆகவே முதல் வாரம் அது வலிக்கும்.

அடுத்ததாக, ஏழெட்டு மீட்டர் தொலைவிலிருந்து ஒருவர் கையைத் தாழ்த்திப் பந்தை எறிய வேண்டும். மிட் ஆஃபிலும் மிட் ஆனிலும், அதாவது எறிபவருக்கு இரு பக்கமும், இரண்டு செருப்புகளை வைத்து, அவற்றுக்கு நடுவே போகும் அடிக்கு மட்டும் ரன் என்று வைத்துக்கொள்கிறோம். ஆஃப் ஸ்டம்புக்கு (அடிப்பவரின் காலிலிருந்து தள்ளியிருக்கும் ஓர ஸ்டம்புக்கு) வெளியே வரும் பந்தை ஆடாமல் விட்டால் அதற்கும் ஒரு ரன் உண்டு. பந்தை விடுவதற்கு ரன் தரும் இந்த விதியைச் சொன்ன அன்று ஒரு பையன், “விட்டா எப்படிண்ணா ரன் வரும்?” என்று உண்மையான குழப்பத்தோடு கேட்டான். டென்னிஸ் பந்தின் எட்டு ஓவர் ஆட்டத்தில் விடுவதற்கு இடமே இருந்ததில்லை என்பதால் அவனுடைய கேள்வியில் பிழை இல்லை. தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே இருக்கிறது என்று அறிந்தவரால்தான் ஒரு பந்தை விட முடியும். விடப் பழகப் பழக அந்த அறிவு தானாக வருகிறது.

பந்துவீச்சில் நான் முதலில் பார்ப்பது முழங்கையை. நம் பக்கத்தில் ‘மாங்கா’ என்று சொல்லும், முழங்கையை மடக்கி நீட்டும் எறிதல் டென்னிஸ் பந்தில் பல ஆண்டுகள் கேள்வி கேட்பாரின்றி ஓடிவிடும். லெதர் பந்தில் நடுவர் நோ பால் கொடுப்பார். இதற்காக எவரும் மனம் தளர வேண்டாம். பக்கத்துச் சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியிலிருந்து டென்னிஸ் பந்து ஆடி மேலே வந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜன், 2015-இல் மாநிலங்களுக்கு இடையிலான ரஞ்சி ஆட்டத்தில் அறிமுகமானபின் பந்துவீசும் முறை குறித்து ஐயம் எழுப்பப்பட்டு, அதைப் பொறுமையாகத் திருத்திக்கொண்டு, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். தையலை நேராக நிறுத்தப் பழகுவதற்கு, டென்னிஸ் பந்தின் நடுவே மின்கம்பிகளுக்கு ஒட்டும் கறுப்பு டேப்பைப் பட்டையாகச் சுற்றி வீசச் சொல்கிறேன். மணிக்கட்டு பந்துக்குப் பின்னால் சரியாக இருந்தால் அந்தப் பட்டை தள்ளாடாமல் நேர்கோடாகச் சுழன்று போகும்.

வேகமாக வீசும் சிறுவர்களின் பெற்றோரிடமும் அணித்தலைவர்களிடமும் ஒன்றை நான் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நன்றாக வீசுகிறான் என்பதற்காகவே ஒரு பையனை நாள் முழுக்க வீசவைத்துவிடுகிறோம். வளரும் வயதில் கீழ்முதுகு எலும்பில் ஏற்படும் நுண்முறிவு, வேகப்பந்து வீச்சாளர்களை மாதக்கணக்கில் படுக்கவைக்கும் காயம். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு ஒரு ஸ்பெல்லில் (இடைவெளி விடாமல் வீசும் ஒரு சுற்றில்) 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர் என்று வரம்பு வகுத்தது. நான் வலைப்பயிற்சியில் வீசும் பந்துகளையும் அந்தக் கணக்கிலேயே சேர்க்கிறேன், ஏனென்றால் முதுகுக்கு ஆட்டமும் பயிற்சியும் ஒன்றுதான்.

கேட்ச் பிடிப்பதில் டென்னிஸ் பந்துப் பழக்கம் பாதி உதவி, பாதி இடையூறு. துள்ளி வெளியேறும் இலேசான பந்தைச் சட்டென்று கவ்விப் பழகிய விரல்கள், கனமான பந்தின்மீது பாய்ந்தால் நுனியில் அடிபடும். பந்து வந்து சேரும் கணத்தில் கைகளை உடலை நோக்கிப் பின்னே இழுத்து அதன் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். மார்புக்குக் கீழே வரும் பந்துக்கு விரல்கள் தரையை நோக்கியும், மேலே வருவதற்கு வானத்தை நோக்கியும் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு ஐம்பது கேட்ச் என்பது எங்கள் கணக்கு. மாங்காய் அறுவடை நாட்களில் பாதிப் பேர் தோப்பு வேலைக்குப் போய்விட, மீதமிருக்கும் நான்கைந்து பேர் கேட்ச் மட்டுமே பிடித்துவிட்டுப் போவதும் உண்டு.

கருவிகளில் ஹெல்மெட்டும் இடுப்புக்குக் கீழே அணியும் கார்டும் இல்லாமல் லெதர் பந்து வலைக்குள் எவரையும் விடுவதில்லை. அணிக்குப் பொதுவாக இரண்டு செட் போதும். புதிய மட்டையை ஆளிவிதை எண்ணெய் பூசி, மரச்சுத்தியலால் சில மணி நேரமாவது தட்டிப் பதப்படுத்தியபின்தான் புதுப்பந்துக்கு எடுக்க வேண்டும். டென்னிஸ் பந்துக்கென்று செய்த மெல்லிய மட்டை லெதர் பந்தில் பிளந்துவிடும்.

விட்டால் எப்படி ரன் வரும் என்று கேட்ட அந்தப் பையன் போன மாதம் கிருஷ்ணகிரியில் நடந்த ஆட்டத்தில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கினான். எல்லைக்கோட்டில் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, அவன் விட்ட பந்துகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு பந்துகளை விட்டான், பத்தொன்பதாவது ஓவரில் 23 ரன்னில் கேட்ச் கொடுத்து வெளியே வந்ததும், ரன்னைக் கேட்காமல், “எத்தனை விட்டேண்ணா?” என்று கேட்டான்.