89க்கு 83

பிப்ரவரி 18
ஒரு வாரமாக ராத்திரியில் சாமுவேல் மோர்ஸைப் பற்றித்தான் படிக்கிறேன். தந்திக் கருவியைச் செய்த கதையைவிட, அதற்குப் பணம் கேட்டு வாஷிங்டனில் அவர் அலைந்த கதைதான் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. 1838 பிப்ரவரியில் கருவியையும் பத்து மைல் கம்பியையும் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கட்டடத்துக்கே கொண்டுபோய், வர்த்தகக் குழுவின் அறையில் இயக்கிக் காட்டியிருக்கிறார். ஜனாதிபதி வான் பியூரன்கூட வந்து பார்த்தார். பணம் மட்டும் வரவில்லை. முந்தைய ஆண்டு வங்கிகள் நொடித்து, நாடே பணமுடையில் இருந்த நேரம்.

பிப்ரவரி 19
அந்தக் குழுவின் தலைவர் மெய்ன் மாநிலத்து எஃப். ஓ. ஜே. ஸ்மித். 30,000 டாலர் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தவர் அவர்தான். அதற்கு முன்பே காப்புரிமையில் நாலில் ஒரு பங்கு வாங்கிக்கொண்டு மோர்ஸின் கூட்டாளி ஆகியிருந்தார். காங்கிரஸின் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு அதைச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வந்தது, சம்மதித்த மோர்ஸ் மேலும்தான்.

பிப்ரவரி 21
1843ல் இதே தேதி. தந்திக்குப் பணம் ஒதுக்கும் மசோதா மீண்டும் சபையில். டென்னசியின் கேவ் ஜான்சன் எழுந்து, பணத்தில் பாதியை மெஸ்மரிச (அன்றைய மனவசிய வித்தை) ஆராய்ச்சிக்குக் கொடுங்கள் என்று கேலி செய்தார். சபை சிரித்தது. மோர்ஸுக்கு அப்போது வயது 51. இந்தப் பக்கத்துக்கு மேல் இன்று படிக்க முடியவில்லை.

பிப்ரவரி 23
89க்கு 83. சபையில் மசோதா ஆறே ஓட்டில் தப்பியது. சுமார் 70 பேர் ஓட்டே போடாமல் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆதரித்தவர்களில் ஒருவர் இண்டியானாவின் டேவிட் வாலஸ். அதே ஆண்டுத் தேர்தலில் தோற்றுப்போனார், இந்த ஓட்டுதான் காரணம் என்று சொல்வதுண்டு. ஸ்மித்துக்காவது பங்கு இருந்தது. வாலஸுக்கு என்ன இருந்தது? காலையிலிருந்து அவர் நினைப்பாகவே இருக்கிறது.

மார்ச் 4
1843ல் நேற்றைய தேதிதான் மேலவையான செனட்டின் கூட்டத்தொடருக்குக் கடைசி நாள். இனி நடக்காது என்று மோர்ஸ் அறைக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் காலை, காப்புரிமை ஆணையர் எல்ஸ்வொர்த்தின் மகள் ஆனி வந்து, மசோதா நிறைவேறிவிட்டது என்றாள். முதல் செய்தியை நீயே சொல் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தார். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் போனது அவள் கொடுத்த பைபிள் வரிதான்.

மார்ச் 5
கேலி செய்த ஜான்சன் 1845ல் அஞ்சல் துறைத் தலைவரானார். தந்தியைத் தனியார் கையில் விடக்கூடாது என்று காங்கிரஸிடம் அவரே வாதாடினார்! காங்கிரஸ் கேட்கவில்லை. சரி, நாளை வாலஸைப் பற்றி இன்னும் தேட வேண்டும்.