விங் ஒட்டும் முன் கம்பளி நூல் ஒட்டுங்கள்

"என் வண்டிக்கு எந்த விங் நல்லா இருக்கும்?" புதுச்சேரி நூறடி ரோட்டுப் பக்கம் ஆக்சஸரி கடைகளில் ஹேட்ச்பேக்கை நிறுத்திவிட்டு இறங்கும் பையன்கள் பெரும்பாலும் இப்படித்தான் பேச்சை ஆரம்பிக்கிறார்கள். விங் என்றால் வண்டியின் பின்பக்கம் மேலே மாட்டும் இறக்கை. அழகுக்கு என்றால் அவரவர் ரசனை, அதில் நுழைய வேண்டியதில்லை. ஈசிஆரில் வேகமாகப் போகும்போது வண்டி ரோட்டைக் கவ்விப் பிடிக்கும் என்று நம்பிப் பணம் போடுகிறவர்களுக்குக் கணக்கைச் சொல்லியாக வேண்டும்.

1.2 மீட்டர் நீளம், 20 செ.மீ. அகலம் உள்ள ஒரு விங்கை எடுத்துக்கொள்வோம். பரப்பு 0.24 சதுர மீட்டர். நல்ல இறக்கை வடிவம், கலையாத காற்று, தூக்குக் கெழு (காற்றின் வேகத்தை விங் எவ்வளவு விசையாக மாற்றுகிறது என்று சொல்லும் எண்) 1 என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளலாம். நம் ஊர் வெயிலில் காற்றின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1.16 கிலோ. இதெல்லாம் கூடிவந்தால் 80 கி.மீ. வேகத்தில் அந்த விங் கீழே அழுத்துவது 69 நியூட்டன், அதாவது 7 கிலோ. நூறில் 11 கிலோ. டிக்கியில் கிடக்கும் ஸ்டெப்னியே அதைவிடக் கனம். நம் ஹேட்ச்பேக்குகள் கிட்டத்தட்ட எல்லாமே முன்சக்கர டிரைவ் என்பதையும் மறக்கக் கூடாது. பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் விங் அழுத்தும்போது, வண்டியை இழுக்கவும் திருப்பவும் செய்கிற முன்சக்கரங்களின் மேல் இருக்கும் பாரம் கொஞ்சம் குறையும். பின்னால் அந்த 7 கிலோ அழுத்தினால் முன்சக்கரங்களில் சுமார் ஒன்றரை கிலோ குறைகிறது.

1966இல் ஜிம் ஹால் தன் சப்பரல் 2ஈ ரேஸ் காரில் விங்கை உயரமான கால்கள் மேல் நிறுத்தி, அந்தக் கால்களைப் பின்சக்கரத் தாங்கிகளிலேயே ஊன்றினார். அவ்வளவு உயரம் எதற்கு என்றால், கார் கலைத்துவிட்டுப் போன காற்றுக்கு மேலே, கலையாத காற்றில் விங் நிற்க வேண்டும். ஹேட்ச்பேக்கின் டிக்கிக் கதவில் போல்ட் போட்டு மாட்டும் விங் பெரும்பாலும் அந்தக் கலைந்த காற்றுக்குள்ளேயே இருக்கும். அங்கே மேலே சொன்ன 7 கிலோவும் கிடைக்காது. உங்கள் வண்டியில் காற்று எங்கே பாடியை விட்டுப் பிரிகிறது என்பதை ஐம்பது ரூபாய்ச் செலவில் கண்ணால் பார்த்துவிடலாம்.

வேண்டியது ஒரு பந்து கம்பளி நூலும், பெயின்டர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பும். வெள்ளை வண்டிக்குக் கறுப்பு நூல், மற்றவற்றுக்கு வெள்ளை. முதலில் வண்டியைக் கழுவித் துடைத்துக் காயவிடுங்கள். கடலோர ஊர்களில் பாடி மேல் எப்போதும் ஒரு உப்புப் படலம் இருக்கும், அதன் மேல் டேப் நிற்காது. நூலை 8 செ.மீ. துண்டுகளாக வெட்டி, ஒரு முனையை மட்டும் ஒட்டி, 10 செ.மீ.க்கு ஒன்றாக வரிசை பிடியுங்கள். கூரையின் கடைசி இரண்டு அடி, பின்கண்ணாடி, டிக்கிக் கதவு, பின்கதவுக்கும் டெயில் லேம்ப்புக்கும் நடுவில் உள்ள பகுதி, இவ்வளவு போதும். 60 முதல் 70 கி.மீ. வேகத்தில் சீராகப் போகும்போது, பக்கத்து லேனில் வரும் இன்னொரு வண்டியிலிருந்து ஒருவர் வீடியோ எடுக்க வேண்டும். ஓட்டுகிறவர் கையில் ஃபோன் இருக்கவே கூடாது.

நூல் பாடியோடு படிந்து, லேசாக அதிர்ந்தபடி பின்னோக்கி நேராகக் கிடந்தால் காற்று ஒட்டி ஓடுகிறது. சுழன்றாலோ, எழும்பி அடித்தாலோ, முன்பக்கமாகவே திரும்பினாலோ அங்கே காற்று பிரிந்துவிட்டது. ஹேட்ச்பேக்கில் கூரை விளிம்புவரை நூல்கள் ஒழுங்காகக் கிடக்கும்; அதற்குக் கீழே பின்கண்ணாடி முழுக்க ஆட்டம்தான். விங்கை அங்கே வைத்துப் பயன் இல்லை. எவ்வளவு உயரத்தில் நல்ல காற்று கிடைக்கும் என்று தெரிய வேண்டுமானால், ஒரு மெல்லிய குச்சியில் 5 செ.மீ.க்கு ஒரு நூல் கட்டி, டிக்கிக் கதவின் மேல் விளிம்பில் நிமிர்த்தி நன்றாக இறுக்கிக் கட்டுங்கள். எந்த நூலிலிருந்து ஆட்டம் நிற்கிறதோ அதுதான் கலைந்த காற்றின் மேல் எல்லை.

பின்பக்கச் சரிவு இதில் பெரிய ஆட்டம் ஆடும். 1984இல் அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் கார் மாதிரியான ஒரு எளிய கட்டையை வைத்துச் சோதித்தார்கள். பின்சரிவின் கோணம் 30 டிகிரியை நெருங்க நெருங்க, இரு ஓரங்களிலும் பலமான சுழல்கள் உண்டாகி டிராக், அதாவது காற்று கொடுக்கும் தடை, உச்சத்துக்கு ஏறியது. அதைத் தாண்டியதும் காற்று மொத்தமாகப் பிரிந்து டிராக் சட்டென்று விழுந்தது. பின்பக்கம் செங்குத்தாக வெட்டிய ஹேட்ச்பேக், வழவழப்பாகச் சரியும் காருக்குச் சளைக்காமல் நிற்பது இதனால்தான். காற்று பிரிந்தே தீரும் என்றால் அது ஒரே இடத்தில், சுத்தமாகப் பிரிய வேண்டும். கம்பெனியே கூரை நுனியில் வைத்துக் கொடுக்கும் சின்ன ஸ்பாய்லரின் வேலை அதுதான்.

இதை உங்கள் வண்டியிலேயே தொட்டுப் பார்க்கலாம். புதிய கார் என்றால் டெயில் லேம்ப்பின் வெளி ஓரத்தில் மேலிருந்து கீழாக விரலை ஓட்டுங்கள். பல மாடல்களில் பிளாஸ்டிக்கில் ஒரு மெல்லிய மேடு, நகம் தட்டும் அளவுக்குக் கூர்மையாக, ஓரத்தோடு இறங்கும். பக்கவாட்டுக் காற்று அங்கே வளைந்து உள்ளே போகாமல் வெட்டிக்கொண்டு பிரிவதற்காக வைத்த விளிம்பு அது. அதன் மேலேயே குரோம் பட்டி ஒட்டி மழுங்கடிப்பதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. எத்தனையோ மணிநேரம் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் செதுக்கிய ஓரம் அது.

பார்த்தது போதும், அளக்கவும் வேண்டும். வேகமெடுத்து நியூட்ரலில் விட்டு, வேகம் குறையும் நேரத்தை எடுப்பதுதான் வழி. எஞ்சினை மட்டும் அணைக்கக் கூடாது. பவர் ஸ்டீயரிங்கும் பிரேக் பூஸ்டரும் அதை நம்பித்தான் இருக்கின்றன. வேக வரம்பு இடம் கொடுக்கிற நான்குவழிச் சாலையில், பின்னால் வண்டி இல்லாத நேரத்தில் செய்யுங்கள். பக்கத்தில் உட்காருபவர் ஜிபிஎஸ் வேகத்தை வீடியோ எடுக்கட்டும். ஸ்பீடோமீட்டர் கூடுதலாகத்தான் காட்டும், அதை நம்ப வேண்டாம். ஜிபிஎஸ் சற்றுத் தாமதமாகக் காட்டினாலும் ஆரம்பம், முடிவு இரண்டிலும் அதே தாமதம் என்பதால் கழிந்துவிடும்.

85லிருந்து 75க்கு வர ஆகும் நேரம் ஒன்று, 45லிருந்து 35க்கு வர ஆகும் நேரம் ஒன்று. ஆட்களோடு 1,100 கிலோ எடையுள்ள கார் என்று வையுங்கள். சுழலும் சக்கரங்களுக்காக 4 சதவீதம் கூட்டினால் 1,145. முதல் நேரம் 10 விநாடி, இரண்டாவது 18.8 விநாடி என்று வந்தால், வேகம் குறையும் வீதம் முறையே விநாடிக்கு விநாடி 0.278, 0.148 மீட்டர். எடையால் பெருக்கினால் 318, 169 நியூட்டன். டயரின் உருளும் தடை இரண்டு வேகத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே வித்தியாசமான 149 நியூட்டன் முழுக்கக் காற்றின் கணக்கு. நடு வேகங்களான 80, 40 கி.மீ. இரண்டையும் விநாடிக்கு மீட்டராக மாற்றி, அவற்றின் வர்க்க வித்தியாசமான 370ஆல் அதை வகுத்து, இரண்டால் பெருக்கி, 1.16ஆல் வகுத்தால் 0.69 சதுர மீட்டர் வரும். டிராக் கெழுவையும் முன்பக்கப் பரப்பையும் பெருக்கிய எண் இது. சாதாரண ஹேட்ச்பேக்குக்கு இந்த அளவில்தான் இருக்கும். அப்படிப்பட்ட காரில் 60 கி.மீ. வாக்கில் காற்றின் தடை டயரின் தடைக்குச் சமமாகிறது, அதற்கு மேல் காற்றுதான் எஜமானன். காற்றுக்காக மட்டும் 80இல் எஞ்சின் தர வேண்டியது 4.4 கிலோவாட், நூறில் 8.6.

இந்தச் சோதனை கெடுவது பெரும்பாலும் சரிவாலும் காற்றாலும்தான். 1 சதவீதச் சரிவே 108 நியூட்டன் கூட்டும் அல்லது குறைக்கும், அதாவது டயரின் மொத்தத் தடை அளவுக்கு. புதுச்சேரியிலிருந்து செம்மண் மேட்டை நோக்கிப் போகும் திண்டிவனம் சாலையில் ஏற்றம் கண்ணுக்குத் தெரியாது, நேரத்தில் தெரிந்துவிடும். அதே இடத்தில் இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுத்தே ஆக வேண்டும். எதிர்க்காற்றும் அப்படியே கழியும். 80இல் போகும்போது விநாடிக்கு 2 மீட்டர் எதிர்க்காற்று ஒரு பக்கம் டிராக்கை 19 சதவீதம் கூட்டும், திரும்பி வரும்போது 17 சதவீதம் குறைக்கும். சராசரியில் மிஞ்சும் பிழை 1 சதவீதத்துக்கும் கீழே. பக்கக்காற்று அப்படிக் கழியாது. மதியத்துக்கு மேல் கடற்காற்று எழும்பிவிட்டால் மரக்காணம் உப்பளப் பக்கம் நல்ல அளவு எடுக்கவே முடியாது. விடியற்காலைதான் சரியான நேரம். டயர் பிரஷரை ஒவ்வொரு முறையும் ஒரே அளவுக்கு வையுங்கள், பத்து கிலோமீட்டராவது ஓட்டிச் சூடேற்றிய பிறகு ஆரம்பியுங்கள். திசைக்கு ஐந்து ஓட்டம் இல்லாமல் எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

இப்படி அளந்தால் முதல் குற்றவாளியாகச் சிக்குவது கூரை கேரியர். ஒரு மீட்டர் நீளத்தில் 25 மி.மீ. உருண்டைக் குழாய் இரண்டு குறுக்கே கிடந்தாலே அந்தப் பெருக்கிய எண்ணில் 0.06 சதுர மீட்டர் கூடும், நம் 0.69இல் கிட்டத்தட்ட 9 சதவீதம். உருண்டைக் கம்பி பார்க்க ஒல்லி, காற்றுக்குப் பெரிய சுவர். 80இல் அது எழுப்பும் ரீங்காரம் சுமார் 180 ஹெர்ட்ஸ். கம்பியைச் சுற்றி மெல்லிய கயிற்றைத் திருகு வடிவில் சுற்றினால் சத்தம் அடங்கும், டிராக் குறையும் என்று எண்ண வேண்டாம். பெட்டி வைத்த கேரியர் நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதம் மைலேஜைத் தின்னும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. திருப்பதி போய்வந்த பிறகும் கேரியர் வருஷம் முழுக்க மேலேயே கிடக்கிறது. நாலு போல்ட், பத்து நிமிஷ வேலை. கழற்றி வையுங்கள்.

அடுத்தது யாரும் குனிந்து பார்க்காத இடம், எஞ்சினுக்குக் கீழே உள்ள அண்டர் கவர். ஆயில் மாற்றக் கழற்றும்போது இரண்டு கிளிப் உடையும், அடுத்த சர்வீசில் இன்னும் இரண்டு. பிறகு மழையில் ரெயின்போ நகர்ப் பக்கம் தேங்கிய தண்ணீரில் இறக்கினால் தண்ணீரே அதைக் கிழித்து இழுத்துவிடும். அது போனால் காற்று எஞ்சின் அறைக்குள் புகுந்து ஒவ்வொரு மூலையிலும் முட்டும். சில வண்டிகளில் ரேடியேட்டர் வழியாகக் காற்று ஒழுங்காக ஓடுவதும் கெடும். கம்பெனி கவரே வாங்குவது நல்லது, கிளிப்பைப் பத்தாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்காத பழைய மாடலுக்கு 1.5 மி.மீ. அலுமினியத் தகடு வெட்டிச் செய்யலாம். ஆயில் போல்ட்டுக்கு நேராகத் துளை, சைலன்சர் குழாயிலிருந்து குறைந்தது 5 செ.மீ. இடைவெளி, தண்ணீர் வடியப் பின் ஓரத்தில் சிறு துளைகள். இரண்டு தகடு இணையும் இடத்தில் மீன் செதில் மாதிரி முன்தகட்டின் வால் பின்தகட்டின் தலைக்கு வெளிப்பக்கம், அதாவது கீழே வர வேண்டும். மாற்றி வைத்தால் காற்று இடுக்கில் நுழைந்து தகட்டைப் பிய்த்துவிடும்.

முன் லிப், அதாவது முன்பம்பருக்கு அடியில் தொங்கும் பட்டி, வேண்டுமென்றால் ஃபைபர் வேண்டாம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூர் போகும் ரோட்டின் வேகத்தடைகளில் அது ஒரு மாதம் தாங்காது. 4 மி.மீ. ரப்பர் ஷீட்டை 5 செ.மீ. உயரத்துக்கு வெட்டி, பம்பரின் அடி ஓரத்தில் அலுமினியப் பட்டி கொடுத்து இறுக்குங்கள். தட்டினால் மடங்கி மீளும். புல் பார் பேச்சே வேண்டாம். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே அதற்குத் தடை சொல்லிவிட்டது. ரேடியேட்டருக்கு முன் குழாயை நிறுத்துவது காற்றுக்கும் கெடுதல், மோதலில் ஏர்பேக் விரியும் நேரத்துக்கும் கெடுதல்.

தகட்டுக்கும் பட்டிக்கும் ஸ்டெயின்லெஸ் திருகு போடும்போது நம் கரையோரத்தில் ஒரு சிக்கல் உண்டு. உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் திருகு பத்திரமாக இருக்கும், அதைச் சுற்றியுள்ள அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். திருகின் தலைக்குக் கீழே அகலமான நைலான் வாஷர், திருகு நுழையும் துளைக்கு நைலான் புஷ், பாடியில் புதிதாகப் போட்ட துளைகளுக்கு பிரைமர். முதல் 200 கி.மீ. ஓடியதும் எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்குங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் தகட்டைக் கழற்றி, உள்ளே சேர்ந்த மணலை நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு மாட்டுங்கள்.