அப்பாவுக்கு ஒரே ஊசி, அத்தைக்கு மூணு வேளை மாத்திரை

காலில் வெட்டுக்காயத்தோடு நடவு வயலில் நின்ற அப்பாவுக்கு எலிக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்து, தினம் காலையில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி ஒன்று, அவ்வளவுதான். மூன்றாம் நாள் தெம்பு வந்ததும் ஆரம்பித்தார்: "உங்க அத்தைக்குப் பல் வீக்கத்துக்கே மூணு வேளை மாத்திரை. எனக்கு ஒரே ஊசியா? மிச்சம் பிடிக்கிறாங்களாடா?"

மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவன் இதற்குப் பதில் சொல்லாமல் நழுவ முடியாது. காட்டுமன்னார்கோயில்காரருக்குச் சொல்ல, கீழணைத் தண்ணீர் வந்து நிறைகிற எங்கள் வீராணம் ஏரியை விட்டால் வேறு எது?

ஊசி ரத்தத்தில் கலந்ததும், கல்லீரல் செய்து அனுப்பும் அல்புமின் என்ற புரதம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். செஃப்ட்ரியாக்சோனில் நூற்றுக்கு 85 முதல் 95 பங்கு வரை இப்படி ஒட்டிக்கொண்டுதான் சுற்றுகிறது. ஒட்டியிருக்கும் வரை அது கிருமியை ஒன்றும் செய்யாது, ஏரியில் கிடக்கிற தண்ணீர் பயிருக்கு உதவாத மாதிரி. மதகு வழியே வருகிற கொஞ்சம்தான், அதாவது ஒட்டாமல் திரிகிற மருந்துதான், கிருமி தன் சுவரைக் கட்ட வைத்திருக்கும் என்சைம்களில் போய் மாட்டி வேலையை நிறுத்துகிறது. அது சிறுநீரிலும் பித்தத்திலும் வெளியேற வெளியேற, அல்புமின் பிடியைத் தளர்த்தி இன்னும் கொஞ்சம் விடும். அதனால்தான் ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையவே எட்டு மணி நேரம் போல ஆகிறது. அத்தையின் அமாக்சிசிலினில் ஒட்டுவது 20 பங்குதான். ஒரு மணி நேரத்திலேயே பாதி காலி, மழைத்தண்ணீர் மாதிரி ஓடிவிடும். இந்த வகை மருந்துகளுக்கு ஒரேயடியாகக் கொட்டுவதைவிட, போதுமான அளவு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அப்புறம் மூணு வேளை கொடுக்காமல் என்ன செய்வது?

(அல்புமினில் இடம் பிடிக்கப் போட்டியும் உண்டு. பிறந்த குழந்தைக்குக் காமாலை இருந்தால் இந்த ஊசியைத் தவிர்ப்பார்கள். அல்புமினில் ஒட்டியிருக்கும் பிலிருபினை, அதாவது காமாலையில் கூடுகிற மஞ்சள் பொருளை, ஊசி மருந்து தள்ளிவிட்டால் மூளைக்கு ஆபத்து.)

அன்று சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. அல்புமின் டெசிலிட்டருக்கு 2.6 கிராம். குறைந்தது 3.5 இருக்க வேண்டும். எனக்கு வயிற்றைக் கலக்கியது, ஏனென்றால் ஏரிக்கரை தாழ்ந்தால் முதலில் தண்ணீர் கூடுதலாக வரும், ஆனால் சீக்கிரம் வற்றிவிடும். அடுத்த ஊசிக்கு முன்னாலேயே அளவு இறங்கலாம். டாக்டரிடம் ஓடினேன். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாராம், சிறுநீரகக் கணக்கையும் சேர்த்துப் பார்த்து இந்தக் கிருமிக்கு இந்த அளவு போதும் என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். "சரிடா, ஏரி வத்துதுன்னா கீழணையில தண்ணி திறக்கச் சொல்லு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.