டெக்சஸில் மீன்பிடி, வேட்டை உரிமம்: துப்பாக்கியே தொடாத நம் ஆட்கள் படிக்க வேண்டியது

மீன்பிடி உரிமத்துக்குப் பரீட்சை கிடையாது. ஹூஸ்டன், டாலஸ் பக்கம் புதிதாக வந்தவர்கள் பலர் "தூண்டில் போடவும் கிளாஸ் போகணுமா?" என்று கேட்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் இணையதளத்திலோ, வால்மார்ட், அகாடமி போன்ற கடைகளின் கவுன்டரிலோ பணம் கட்டினால் அப்போதே கிடைத்துவிடும். ஏரி, ஆற்றுக்கு 30 டாலர், கடலுக்கு 35, இரண்டுக்கும் சேர்த்து 40. 17 வயது ஆகாத பிள்ளைகளுக்கு உரிமமே வேண்டாம். மாநிலப் பூங்காவுக்குள் கரையில் நின்று பிடிப்பவர்களுக்கும் வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கு நமக்கு ஒத்துவருமா என்று பார்க்க நினைப்பவர்கள் முதலில் அங்கே போய்ப் பார்க்கலாம்.

இந்தக் கட்டணமெல்லாம் மாநிலவாசிகளுக்கு. டெக்சஸில் தொடர்ந்து ஆறு மாதம் வசித்திருந்தால்தான் நீங்கள் மாநிலவாசி. நியூஜெர்சியிலிருந்து போன மாதம்தான் மாறி வந்தீர்கள் என்றால் ஏரி மீனுக்கே 58 டாலர். வேட்டைக்கு மாநிலவாசி 25 டாலர் கொடுக்கும் இடத்தில் வெளி மாநிலத்தவர் 315 கொடுக்க வேண்டும். அவசரம் இல்லாதவர்கள் ஆறு மாதம் பொறுப்பதே நல்லது.

விண்ணப்பத்தில் சோஷியல் செக்யூரிட்டி எண் கேட்பார்கள். மீன் பிடிக்க இது எதற்கு, ஏதாவது மோசடியா என்று பாதியில் மூடிவிட்டு வருபவர்கள் உண்டு. குழந்தைப் பராமரிப்புத் தொகை கட்டாமல் ஏமாற்றுபவர்களைப் பிடிப்பதற்காக, பொழுதுபோக்கு உரிமங்களிலும் அந்த எண்ணைப் பதிய வேண்டும் என்று மத்திய சட்டமே சொல்கிறது. அரசுத் தளம்தானா என்று மட்டும் முகவரியைச் சரிபார்த்துக்கொண்டு தைரியமாகக் கொடுக்கலாம்.

சரி, வேட்டைக்கு வருவோம். 1971 செப்டம்பர் 2-ஆம் தேதி அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் டெக்சஸில் வேட்டையாட 'ஹன்டர் எஜுகேஷன்' சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். ஒருமுறை வாங்கினால் ஆயுளுக்கும் செல்லும். மற்ற மாநிலங்களிலும் ஏற்றுக்கொள்வார்கள். 17 வயது முடிந்தவர்கள் முழுப் பாடத்தையும் ஆன்லைனிலேயே முடித்துவிடலாம். என்னைக் கேட்டால், நேரடி வகுப்புக்கே போங்கள். பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும்.

காரணம் இருக்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த பையனுக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரிந்த விஷயம். தாத்தாவோடு மான் வேட்டைக்குப் போய் வந்தவன் வகுப்பில் அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் தேறிவிடுவான். நம்மில் பலர் துப்பாக்கியை வங்கி வாசல் காவலாளியின் தோளில் பார்த்ததோடு சரி. ஆக்‌ஷன், ப்ரீச், சோக், ரிம்ஃபயர் என்று வரிசையாக வரும் பெயர்களைப் படத்தில் பார்த்து மனப்பாடம் செய்தால் மறுநாளே மறந்துவிடும். சுட முடியாதபடி செய்த துப்பாக்கியைக் கையில் வாங்கி, போல்ட்டைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்தால் பாதிப் பாடம் தானாகவே ஏறிவிடும். பக்கத்து நாற்காலியில் பத்து வயதுக் குழந்தை உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் கை தூக்கும். கூச்சப்பட வேண்டாம்.

எனக்கு மனதில் நின்ற பகுதி கேஜ். ஷாட்கன்னில் 12 கேஜ், 20 கேஜ் என்பார்கள். எண் பெரிதானால் குழாய் சிறிது. குழாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈயக் குண்டுகள் எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வரும் என்பதே அந்த எண். அதாவது 12 கேஜ் குழாய் அளவுக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு. இது வெறும் கணக்கு இல்லை. 20 கேஜ் தோட்டாவைத் தவறுதலாக 12 கேஜ் துப்பாக்கியில் போட்டால் அது வழுக்கிக் குழாய்க்குள் போய் நடுவில் சிக்கிக்கொள்ளும். திறந்து பார்த்தால் தோட்டா வைக்கும் அறை காலியாகத் தெரியும். தோட்டா போட மறந்துவிட்டோம் என்று நினைத்து 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால், குழாய் வெடித்து, தாங்கிப் பிடித்திருக்கும் கையையே கொண்டுபோய்விடும். 20 கேஜ் தோட்டாவை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். ஏன் மஞ்சள் என்று ஒருமுறை புரிந்துகொண்டால், தோட்டா பற்றி எப்படித் திருப்பிக் கேட்டாலும் பதில் வரும். இரண்டு அளவுத் தோட்டாக்களையும் ஒரே பையில் போடவும் மாட்டீர்கள்.

பாதுகாப்பு விதிகள் நான்கு: எந்தத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியது என்றே நினை, குழல் முனை ஆபத்தில்லாத திசையில் இருக்கட்டும், சுடும் நொடி வரை விரல் விசைக்கு வெளியே, இலக்கையும் அதற்குப் பின்னால் இருப்பதையும் பார். பரீட்சைக் கேள்விகள் இவற்றை நேராகக் கேட்காமல் சூழ்நிலையாகக் கேட்கும். வேலி தாண்டும்போது என்ன செய்வாய்? தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கம்பிக்கு அடியில் அந்தப் பக்கம் தரையில் கிடத்தி, முனை உன்னை விட்டு விலகியிருக்க, வேறு இடத்தில் தாண்ட வேண்டும். கையில் பிடித்துக்கொண்டே தாண்டும் விடை பட்டியலில் கட்டாயம் இருக்கும். நம் ஆட்கள் அதைத்தான் தேர்வு செய்வார்கள்.

மூன்று பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் யார் எந்தத் திசையில் சுடலாம் என்ற கேள்வி வாசித்தால் குழப்பும். இப்படிச் செய்து பாருங்கள். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, கட்டைவிரல்களை நிமிர்த்தி, தூரத்தில் ஒரு மரத்தையே பார்த்தபடி கைகளை மெல்ல முன்னால் கொண்டுவாருங்கள். பார்வையைத் திருப்பாமலே இரண்டு கட்டைவிரல்களும் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். அந்த இடைவெளிதான் உங்கள் எல்லை. அதற்கு வெளியே எவ்வளவு அழகான பறவை பறந்தாலும் அது உங்களுடையது அல்ல.

விலங்கைச் சுடும் கோணம், சுட்ட பிறகு ரத்தத்தின் நிறம் ஆகியவையும் வரும். நுரைத்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், கருஞ்சிவப்பு என்றால் கல்லீரல், பச்சை கலந்திருந்தால் குடல். குடலில் பட்ட மானை உடனே துரத்தினால் அது வலியோடு வெகுதூரம் ஓடிப் புதருக்குள் கிடந்து சாகும். பல மணி நேரம் காத்திருந்துதான் தேட வேண்டும். படிக்கவே கஷ்டமாக இருக்கிறது என்பவர்கள் மீனோடு நின்றுகொள்வது நல்லது. அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

மீனுக்குப் பரீட்சை இல்லை என்றேன். ஆனால் கால்வெஸ்டன் பாலத்தில் கேம் வார்டன் (வேட்டை, மீன்பிடி விதிகளைக் கண்காணிக்கும் அதிகாரி) ஐஸ்பெட்டியைத் திறக்கச் சொன்னால் அதுவும் பரீட்சைதான். ரெட் டிரம் மீன் 20 முதல் 28 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று. 28-ஐத் தாண்டிய பெரிய மீனை வைத்துக்கொள்வதானால் உரிமத்தோடு வரும் டேக்கைப் (மீனில் கட்டும் அடையாளச் சீட்டு) பயன்படுத்த வேண்டும். அளக்கும்போது மீனைப் பக்கவாட்டில் கிடத்தி, வாயை மூடி, வாலை ஒன்றாகக் குவித்து நுனி வரை அளக்க வேண்டும். நம் ஆட்கள் அதிகம் மாட்டுவது நண்டில். நீல நண்டு ஓட்டின் இரு பக்க முள் நுனிகளுக்கிடையே குறைந்தது 5 அங்குலம் இருக்க வேண்டும். வயிற்றடியில் முட்டைத்திரள் தொங்கும் சினை நண்டு எவ்வளவு பெரிதானாலும் உடனே தண்ணீருக்குள் போக வேண்டும். ஊரில் அதற்குத்தான் கிராக்கி என்பதெல்லாம் வார்டனிடம் எடுபடாது. இந்த அளவுகள் மாறக்கூடியவை என்பதால் ஆண்டுதோறும் துறை வெளியிடும் 'அவுட்டோர் ஆன்யூவல்' பக்கத்தைப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

எச்1பி, எஃப்1 போன்ற விசாவில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். குடியேற்றம் அல்லாத விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். சட்டமே தரும் சில விலக்குகளில் நமக்குப் பொருந்தக்கூடியது, ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். 'வைத்திருப்பது' என்றால் சொந்தமாக வாங்குவது மட்டும் இல்லை. ஆபீஸ் கும்பலோடு ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் அதில் அடங்கும். மீன்பிடி உரிமம் இதற்குச் செல்லாது. ஹன்டர் எஜுகேஷன் சான்றிதழும் தனியாகச் செல்லாது. கிரீன் கார்டு வந்தவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் நிலைமையில் ஏதாவது சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் கேட்காதீர்கள்.

டெக்சஸ் வேட்டை உரிமத்தின் ஆண்டு செப்டம்பர் 1-இல் தொடங்கி ஆகஸ்ட் 31-இல் முடியும். ஜூலையில் வாங்கினாலும் ஆகஸ்ட் 31-உடன் சரி. துப்பாக்கி வைத்திருக்கும் எச்1பிகாரருக்கு மறுநாள் காலையில் அந்த விலக்கும் காலாவதி. புது ஆண்டு உரிமம் ஆகஸ்ட் நடுவிலேயே விற்பனைக்கு வந்துவிடும் என்பதால், போனில் ஆகஸ்ட் 20-க்கு ஒரு நினைவூட்டல் போட்டு வையுங்கள்.