அலுவல் கடிதம்: படிக்கப்போவது யார்?

வடசென்னையில் கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பக்கம் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 முதன்மைத் தேர்வுக்குப் படிக்கும் தம்பி, தங்கைகள் என்னிடம் அதிகம் கேட்பது தமிழ்த் தகுதித்தாளைப் பற்றித்தான். 100-க்கு 40 எடுக்காவிட்டால் அடுத்த தாளைத் திருத்தவே மாட்டார்கள் என்பதால் பயம் இருக்கத்தான் செய்யும். "நம்ம ஏரியா பேச்சு எழுத்துல வந்துடுமோண்ணா?" என்கிறார்கள். நானும் அந்தத் தாளை எழுதியவன் என்பதால் சொல்கிறேன், யாருக்கு எழுதுகிறோம் என்பது மனதில் நின்றுவிட்டால் பேச்சு தானாக இடம் மாறிக்கொள்ளும்.

அந்தத் தாளில் வரும் மொழிபெயர்ப்பும் சுருக்கி வரைதலும் பயிற்சியில் வந்துவிடும். கடிதத்துக்கான அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் பத்தாம் வகுப்பிலேயே மனப்பாடம். சிக்கல் உள்ளே எழுதும் நாலைந்து வரியில்தான்.

குடிநீரில் கழிவுநீர் கலப்பது பற்றிப் பகுதிப் பொறியாளருக்கு எழுதச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். குழாயடியில் என்றால், "இன்னாக்கா, தண்ணி சாக்கடை நாத்தம் அடிக்குது, கொயந்தைங்க குடிச்சா இன்னாத்துக்கு ஆவறது?" என்போம். கேட்கிற அக்காவுக்குத் தெருவும் தெரியும், நேரமும் தெரியும். பொறியாளருக்குத் தெரியாது. அதனால், "எங்கள் தெருவின் கிழக்குப் பகுதி வீடுகளுக்கு ஒரு வாரமாகக் காலையில் வரும் குடிநீரில் கழிவுநீர் கலந்துள்ளது. குழாயை ஆய்வு செய்து சரிசெய்யவும், அதுவரை லாரியில் குடிநீர் வழங்கவும் வேண்டுகிறேன்" என்று எழுதினால் போதும். "தங்கள் பாதம் பணிந்து" என்று கெஞ்சவும் வேண்டாம், மறியல் செய்வோம் என்று மிரட்டவும் வேண்டாம். இதே செய்தியைப் பத்திரிகை ஆசிரியருக்கு எழுதச் சொன்னால், படிக்கப்போவது ஊர். அங்கே குழந்தைகள் படும் பாட்டைத் தாராளமாகச் சொல்லலாம்.

பயிற்சிக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. திங்கள்கிழமைகளில் ராஜாஜி சாலை ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களுக்கு எழுதிக் கொடுங்கள். முதியோர் உதவித்தொகை கேட்கும் ஆயா, "புள்ளைங்க கண்டுக்கிறதில்ல, ரேஷன் அரிசிலதான் வண்டி ஓடுது" என்பார். "மகன்கள் தனியாக வசிக்கிறார்கள். எனக்கு வருமானம் ஏதும் இல்லை" என்று எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். ஆயா "ஆமாம்பா, அதான்" என்று தலையாட்டினால் நடை சரி. முழித்தால் சொற்கள் கனத்துவிட்டன, மாற்றுங்கள். எந்தப் பயிற்சி மையமும் இவ்வளவு நல்ல திருத்தம் தராது என்பது என் எண்ணம்.

குரூப் 1 நேர்முகத் தேர்வு வரை போகிறவர்கள் மேடைத்தமிழ் பேச வேண்டியதில்லை. மரியாதையான பேச்சுத்தமிழில், நிதானமாக, முழு வாக்கியமாகச் சொன்னாலே நன்றாக இருக்கும்.

அப்புறம், கடிதத்தில் கேள்வியில் கொடுத்த பெயரையும் முகவரியையும் மட்டும் போடுங்கள். கொடுக்கவில்லை என்றால் 'அ.ஆ.இ.' போதும். பழக்கதோஷத்தில் சொந்தப் பெயரை எழுதினால் விடைத்தாளே செல்லாமல் போகலாம்.