பழுப்பெல்லாம் குழாயல்ல

தாடை நீர்க்கட்டிகளில் இரத்தக் குழாய்கள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பதுதான் என் முதுநிலை ஆய்வு. கெரட்டோசிஸ்ட், டென்டிஜெரஸ் சிஸ்ட் என்ற இரண்டு வகைக் கட்டிகள், ஒப்பிட்டுப் பார்க்க முளைக்காத ஞானப்பல்லை உறைபோலச் சுற்றியிருக்கும் ஃபாலிக்கிள் திசு. எண்ணுவதுதானே, சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

திசுவை மெழுகில் பதித்த பிளாக்கை 4 மைக்ரான் தடிமனில் வெட்டுவது பழகிய வேலை. குழாயின் உட்சுவரான எண்டோதீலியச் செல்களில் இருக்கும் சிடி34 என்ற புரதத்தில் அதற்கான ஆன்டிபாடி பிடிக்க வேண்டுமென்றால் ஸ்லைடை முதலில் சிட்ரேட் கரைசலில் சூடேற்ற வேண்டும். அங்கேதான் சிக்கல். சாதாரண ஸ்லைடில் எடுத்திருந்த கெரட்டோசிஸ்ட் துண்டுகள் அப்படியே உரிந்து மிதந்தன. ஒட்டும் பூச்சு கொண்ட ஸ்லைடு வாங்கி மறுபடி வெட்டினேன். இரண்டு பிளாக்குகளில் அதற்குள் திசுவே தீர்ந்துபோயிருந்தது. ஒரு நோயாளியின் உடம்பிலிருந்து வந்த திசு. அதை வீணாக்கியது இன்றும் உறுத்துகிறது.

ஆன்டிபாடி பிடித்த இடத்தில் பெராக்சிடேஸ் என்ற நொதியின் உதவியால் டிஏபி என்ற பொருள் பழுப்பு நிறம் காட்டும். அடுத்த தொகுதியில் குழாய்கள் பளிச்சென்று பழுப்பேறியிருந்தன. சந்தோஷமாகக் காட்டினேன். "சுவரைப் பாரும்மா, உள்ளே இருப்பதைப் பார்க்காதே" என்றார் கைடு மேடம். உண்மைதான், பழுப்பாக இருந்தவை குழாய்க்குள் கிடந்த சிவப்பணுக்கள். அவற்றுக்கு இயல்பாகவே பெராக்சிடேஸ் செயல்பாடு உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடு வைத்து முன்கூட்டியே அடக்காவிட்டால் டிஏபி அவற்றையும் நிறமேற்றிவிடும். நான் அந்தப் படியில் அவசரப்பட்டிருந்தேன். மொத்தத் தொகுதியையும் திரும்பச் செய்தேன்.

அப்புறம்தான் எண்ணிக்கை. மார்பகப் புற்றுநோய்க்காக வைட்னர் குழுவினர் 1991-இல் சொன்ன முறை: குறைந்த பெருக்கத்தில் குழாய்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, பெருக்கத்தைக் கூட்டி எண்ண வேண்டும். உட்துளை தெரியாத ஒற்றைப் பழுப்பு எண்டோதீலியச் செல்லும் ஒரு குழாய்தான். ஒரே இடத்தில் முதல் நாள் 41 எண்ணினேன், மறுநாள் 29. நார்த்திசுவில் இருக்கும் சில மெல்லிய கதிர் வடிவச் செல்களுக்கும் சிடி34 பிடிக்கும் என்பதால் வந்த குழப்பம் அது. அதன்பிறகு இருவர் தனித்தனியாக எண்ணி, ஒத்துப்போகாத இடங்களில் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தோம்.

இந்த வேலையைத் தொடங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம் சொல்வேன். அழற்சி இருக்கும் பகுதியில் குழாய்கள் எப்படியும் குவிந்திருக்கும். அதைத் தனியே குறிக்காமல் எழுதும் எண்ணிக்கையை என்னால் நம்ப முடியாது. சிடி34 பழைய குழாயையும் புதியதையும் ஒன்றாகவே காட்டும். புதிதாக வளர்கிறதா என்று கேட்டால், புதிய குழாய்களில் அதிகம் இருக்கும் சிடி105 என்ற புரதத்தைப் பார்க்க வேண்டும்.

பல் உருவாகும்போது எனாமலைத் தரும் எனாமல் உறுப்புக்குள் குழாய் கிடையாது. எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் படிந்து உட்பக்கத்து ஊட்டம் தடைபட்டதும், அந்த உறுப்பின் நடுவே இருக்கும் ஸ்டெல்லேட் ரெட்டிகுலம் என்ற செல் பகுதி சுருங்கி, எனாமல் சுரக்கும் செல்கள் வெளியே ஃபாலிக்கிள் குழாய்களுக்கு அருகில் வந்துவிடும். இதைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருந்தேன். கெரட்டோசிஸ்ட்டின் உட்படலத்திலும் ஒரு குழாய்கூட இல்லை. வேலிக்கம்பு போல வரிசையாக நிற்கும் அதன் அடிச்செல்களுக்கு நேர் கீழே சின்னச் சின்னப் பழுப்பு வளையங்கள் ஒட்டி ஓடுவதைப் பார்த்த அன்று, எண்ணுவதை நிறுத்திவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.