சாமைக் கோசம்பரி: குழையாமல், கறுக்காமல்

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற வீடுகளில் ராமநவமி என்றால் பானகம், நீர்மோரோடு கோசம்பரியும் இருக்கும். ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரிக்காய், தேங்காய், கொத்துமல்லி, எலுமிச்சை எல்லாம் கலந்த பச்சைக் கலவைதான் கோசம்பரி. சித்தேரி, அஞ்செட்டி மலைகளில் விளையும் சாமையை அதில் கலந்தால் மூன்று பேருக்கு ஒருவேளைச் சாப்பாடு. பருப்பும் சாமையும் ஊறிவிட்டால் அடுப்படி வேலை அரைமணி நேரம்தான்.

ஒரு டம்ளர் சாமைக்குக் கால் டம்ளர் பாசிப்பருப்பு. பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை ஒட்ட வடித்துவிடுங்கள். நகத்தால் கிள்ளினால் உடைய வேண்டும், வேகவைக்கத் தேவையில்லை. சாமையில் பொடிக்கல் அதிகம். மூன்று முறை அலசி, கடைசி முறை கட்டாயம் அரித்தெடுங்கள். பிறகு 20 நிமிடம் ஊறட்டும்.

குக்கர் வேண்டாம். அளந்த நீரில் மூடி வேகவைத்தால் சாமை பொங்கல் பதத்துக்குப் போய்விடும், தழை போட்டதும் களிபோல ஒட்டிக்கொள்ளும். அகலப் பாத்திரத்தில் ஆறு டம்ளர் நீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, உப்புப் போட்டு, வடித்த சாமையைக் கொட்டுங்கள். தீட்டிய வெள்ளைச் சாமை ஐந்து, ஆறு நிமிடத்தில் வெந்துவிடும்; தவிடு நீக்காதது எட்டு முதல் பத்து நிமிடம் கேட்கும். ஒரு மணியை நசுக்கிப் பாருங்கள். நடுவில் வெள்ளைப்புள்ளி மறைந்த அந்த நொடியே மெல்லிய கண் உள்ள வடிதட்டில் வடிக்க வேண்டும். உடனே தாம்பாளத்தில் பரப்பி, ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, முள்கரண்டியால் கிளறி ஆறவிடுங்கள். குவியலாக விட்டால் உள்சூட்டிலேயே மேலும் வெந்து குழைந்துவிடும்.

தழைதான் இதில் பாதி. நறுக்கிய கொத்துமல்லி இரண்டு டம்ளர், புதினா அரை டம்ளர். அலங்காரத்துக்குத் தூவுகிற அளவு போட்டால் இது வெறும் சாமைச்சோறு. கொத்துமல்லியின் இளந்தண்டையும் சேர்த்து நறுக்குங்கள், மணம் அதில்தான் கூடுதல். கழுவிய தழையைத் துணியில் விரித்து ஈரம் முழுக்கப் போனபின்தான் கத்தி வைக்க வேண்டும். ஈரத்தோடு, மழுங்கிய கத்தியில் நசுங்கினால் புதினா கறுத்துப்போகும். சூடான சாமையில் போட்டாலும் அதே கதிதான்.

ஒரு சிறு வெள்ளரிக்காய், ஒரு துண்டு இஞ்சி, இரண்டு பச்சைமிளகாய், கால் டம்ளர் தேங்காய்த்துருவல். புளிப்புக்கு, மாங்காய்க் காலத்தில் கிருஷ்ணகிரிச் சந்தையில் கிடைக்கும் கிளிமூக்கு மாங்காய் பாதியைத் துருவிப் போடலாம்; எலுமிச்சையைவிட எனக்கு அதுவே பிடிக்கும். மற்ற நாளில் ஒரு எலுமிச்சம்பழம். மார்கழி, தையில் அவரைக்கொட்டை வரும்போது பாசிப்பருப்புக்குப் பதில் அதை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுத்த பிதுக்குப் பருப்பு போடலாம், ஆனால் அதை நன்றாக வேகவைத்தே சேர்க்க வேண்டும்.

தாளிப்புக்கு ஒரு மேசைக்கரண்டி கடலெண்ணெய், அரை டீஸ்பூன் கடுகு, ஒரு காய்ந்தமிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம். அதையும் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின்தான் ஊற்ற வேண்டும்.

உப்பும் எலுமிச்சைச் சாறும் பரிமாறும் நேரத்தில். முன்பே போட்டால் வெள்ளரிக்காய் நீர்விட்டு அடியில் தேங்கும். புளிப்பில் தழையின் பச்சை மங்கிப் பழுப்பாகும். வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்த வேர்க்கடலை ஒரு கைப்பிடி, கடைசியில்.

மதியச் சாப்பாட்டுக்குக் கட்டிக்கொண்டு போவதென்றால் சாமை, பருப்பு, தாளிப்பு ஒரு டப்பாவில். தழையும் வெள்ளரிக்காயும் இன்னொன்றில். எலுமிச்சை மூடி தனியாக. தேங்காயை மட்டும் விட்டுவிடுங்கள், சித்திரை வெயிலில் அதுதான் முதலில் ஊசிப்போகும்.